ரிங்குக்கும் ஆகணும் ஃபீல்டுக்கும் ஆகணும்னா எந்த ஆண் நாயை மேட்டிங்குக்குப் போடறது?

கேள்வி: டாக்டர், என்கிட்ட 3 வயசு ஜெர்மன் ஷெப்பர்ட் ஃபீமேல் இருக்கா, ஷோ லைன் (அழகுப் போட்டிக்குன்னு வளர்த்த வம்சம்). ரிங்ல எக்ஸலன்ட் ரேட்டிங் வாங்கியிருக்கா, ஹிப் எக்ஸ்ரேல ஏ கிரேடு, பிஹெச் (அடிப்படைக் கீழ்ப்படிதல் டெஸ்ட்) பாஸ். ஐஜிபிங்கற ஒர்க்கிங் டெஸ்ட்ல முதல் லெவலான ஐஜிபி1க்கு ட்ரெயின் பண்ணிட்டு இருக்கேன். டிராக்கிங், ஒபீடியன்ஸ் ரெண்டும் நல்லா வருது, ஆனா புரொட்டக்‌ஷன்ல ஸ்லீவை (கடிக்கறதுக்குக் கைல மாட்டற உறை) முன்பல்லால மட்டும்தான் பிடிக்கிறா, ஹெல்ப்பர் (ஸ்லீவ் மாட்டிட்டு எதிராளியா நிக்கறவர்) கொஞ்சம் அழுத்தம் குடுத்தா விட்டுடறா. அடுத்த ஹீட்ல மேட்டிங் பண்ணலாம்னு இருக்கேன், ரெண்டு மேல் (ஆண் நாய்) கைவசம் இருக்கு. ஒண்ணு ஷோ சாம்பியன், ஆனா இவளோட அப்பாதான் அவனுக்கும் அப்பா, அம்மா வேற. இன்னொண்ணு ஒர்க்கிங் லைன் (வேலைக்குன்னு வளர்த்த வம்சம்), ஐஜிபி3, பயங்கர டிரைவ். ஒர்க்கிங் மேலைப் போட்டா குட்டிங்க பாதி ஷோ பாதி ஒர்க்கிங்னு வந்து ரெண்டுலயும் ஜெயிக்கும்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க. போடலாமா? 8 வாரத்துல எந்தக் குட்டியை வெச்சுக்கறதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பதில்: முதல்ல அந்த ஷோ சாம்பியனை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. அப்பா ஒண்ணு அம்மா வேறன்னா அது பாதி உடன்பிறப்பு, குட்டிங்களோட இன்பிரீடிங் (சொந்தத்துக்குள்ள சேர்றது) அளவு அதுலயே 12.5 சதவீதம் வந்துடும், அதுக்குப் பின்னாடி பெடிகிரில (வம்சாவளிப் பட்டியல்ல) வேற பேருங்க திரும்பத் திரும்ப வந்திருந்தா (ஷோ லைன்ல கண்டிப்பா வந்திருக்கும்) இன்னும் ஏறும். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே அப்பா குடுத்த நல்லதும் இருக்கும் கெட்டதும் இருக்கும், அந்த அப்பாகிட்ட என்ன குறை ஒளிஞ்சிருந்துச்சுன்னு கண்டுபிடிக்கறதுக்கு உங்க லிட்டரை (ஒரே பிரசவத்துல வர்ற குட்டிங்களை) ஏன் செலவு பண்ணணும்.

அடுத்து அந்த பாதி பாதி கணக்கு. இது எல்லா இடத்துலயும் ஓடுற பேச்சு, நிறைய பேர் இதை நம்பி மேட்டிங் போட்டுட்டு அப்பறம் குட்டிங்களைப் பார்த்து முழிக்கறாங்க. பாலும் தண்ணியும் கலக்கற மாதிரி குணங்கள் கலக்கறதில்ல. தோள் சாய்வு, பின்னங்கால் கோணம், சத்தத்துக்கு பயப்படறது, பந்தைப் பார்த்தா வெறி ஆகறது, இதெல்லாம் ஏகப்பட்ட ஜீன் சேர்ந்து பண்ற வேலை, ஒவ்வொண்ணும் தனித்தனியா இறங்கும். முதல் தலைமுறைல பெரும்பாலும் என்ன வரும்னா ரெண்டுலயும் நடுவாந்தரம், ரிங்ல பின்னாடி நிக்கற அளவு டைப், ஃபீல்டுல எழுபது எழுபத்தஞ்சு மார்க் எடுக்கற அளவு வேலை. அதுகூட பரவால்ல. ஆனா ஒரே லிட்டர்ல ஒண்ணு ரெண்டு வேற மாதிரி வரும், அப்பாவோட டிரைவும் அம்மாவோட நெர்வும் சேர்ந்து வர்ற குட்டி. டிரைவ் வேற நெர்வ் வேறங்கறதை இங்க நல்லாப் பிடிச்சுக்கணும். டிரைவ்ங்கறது ஒரு விஷயத்து மேல பாயற ஆசை, நெர்வ்ங்கறது அழுத்தம் வரும்போது தலை கலங்காம நிக்கறது. டிரைவ் கம்மி நெர்வ் கம்மியான நாய் வீட்டுல ஒரு மூலைல கிடக்கும், யாருக்கும் தொந்தரவு இல்ல. டிரைவ் ஜாஸ்தி நெர்வ் கம்மியான நாய் இருக்கே, சின்ன விஷயத்துக்கே சூடாகி யோசிக்க முடியாம கத்தி, வேலியைக் கடிச்சு, ஹேண்ட்லர் கையைக் கடிச்சு... அந்த நாயைத்தான் வாராவாரம் யாராவது ஒருத்தர் கிளினிக்குக்கு கூட்டிட்டு வந்து "ரொம்ப ஒர்க்கிங் சார் இவன்"னு பெருமையா சொல்றாங்க. அது ஒர்க்கிங் இல்ல.

அப்ப நடுவாந்தரமா வந்த குட்டில ஒண்ணை எடுத்து வளர்த்து அதுக்கு அடுத்த மேட்டிங் போடுவீங்க இல்லையா, அந்த ரெண்டாவது தலைமுறைலதான் உண்மையான சிதறல் வரும், தாத்தா மாதிரி ஒண்ணு பாட்டி மாதிரி ஒண்ணுன்னு நாலா பக்கமும் போகும். அங்க இருந்து தேர்ந்தெடுத்து மூணாவது தலைமுறைல தான் "இது என்னோட டைப்"னு சொல்ற மாதிரி ஏதாவது கைல நிக்கும். அதனால உங்க கேள்வியை "எந்த மேல்"னு பார்க்காதீங்க, மூணு தலைமுறை இதுல இருக்கப் போறீங்களா இல்லையான்னு பாருங்க. ஒரே ஒரு லிட்டர் போட்டு நிறுத்தப் போறீங்கன்னா இந்த கிராஸ் வேண்டாம், நல்ல ஒர்க்கிங் குட்டி ஒண்ணு வேற யார்கிட்டயாவது வாங்கிக்கிட்டு இவளை ரிங்குக்கு வெச்சுக்கோங்க, அதுல தப்பே இல்ல.

ஷோ, ஒர்க்கிங்னு இந்தப் பிரிவு எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா அது தெரிஞ்சாதான் எதை சரி பண்ணணும்னு புரியும். ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தை உருவாக்குன மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் 1899ல கார்ல்ஸ்ரூஹ நகரத்து டாக் ஷோவுலதான் அந்த முதல் நாயைப் பார்த்து வாங்கினார், ஹோராண்ட் வான் கிராஃப்ராத்னு பேர் வெச்சு ரிஜிஸ்டர்ல ஒண்ணாம் நம்பரா போட்டார், இந்த இனத்துக்கான எஸ்வி கிளப்பும் அதே மாசம் ஆரம்பிச்சுது. ஷோவுல பார்த்த நாய், ஆனா ஆட்டு மந்தை வேலைக்கான நாய்னு பார்த்துத்தான் வாங்கினார். அப்ப ரெண்டும் ஒண்ணுதான். லாப்ரடார்லயும் அப்படித்தான், பிரிட்டன்ல பான்க்கரி போலோன்னு ஒரு நாய், 1915ல பிறந்தது, ஷோ சாம்பியன் பட்டமும் ஃபீல்டு ட்ரையல் சாம்பியன் பட்டமும் சேர்த்து வாங்குன முதல் லாப்ரடார். அங்க அந்த ரெட்டைப் பட்டம் வாங்குன கடைசி லாப்ரடார் நேய்த் பான்ஜோ, அது 1946ல பிறந்தது. அதுக்கப்பறம் யாரும் இல்ல, இத்தனை வருஷமா. நாய் மாறல, தேர்ந்தெடுக்கற விதம் மாறிடுச்சு. ரிங்ல ஜட்ஜ் ஒரு நாயைப் பார்க்கறது சில நிமிஷம், அதுல கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் ஜெயிக்கும், அதனால கோணம் கூடிக்கிட்டே போச்சு, எலும்பு கனம் கூடிக்கிட்டே போச்சு. ஃபீல்டு பக்கம் மட்டும் யோக்கியம்னு நினைக்காதீங்க, அங்க மார்க் எதுக்கு விழுதோ அதுக்கு பிரீட் பண்றாங்க, தலை எப்படி இருந்தா என்ன, காது நின்னா என்ன விழுந்தா என்ன, வீட்டுல ஒரு நிமிஷம் அடங்கி உக்காராட்டி என்னன்னு போயிட்டாங்க.

சுவீடன்ல நாய்களுக்கு மனநிலை டெஸ்ட் ஒண்ணு பெரிய அளவுல நடக்குது, அந்த டேட்டாவை வெச்சு 31 இனங்களை ஒப்பிட்டு கென்த் ஸ்வார்ட்பெரின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2006ல ஒரு கட்டுரை போட்டார். ஷோவுக்கு அதிகமா பயன்படுத்தற இனங்கள்ல பயம் கூட இருக்கு, விளையாட்டு ஆர்வமும் கியூரியாசிட்டியும் கம்மியா இருக்கு, ஒர்க்கிங் ட்ரையல்ல ஓடுன அப்பாக்களை அதிகமா பயன்படுத்தற இனங்கள்ல விளையாட்டு ஆர்வம் கூட இருக்குன்னு அதுல வந்துச்சு. ஷோ போறதால நாய் பயந்தாங்கொள்ளி ஆகுதுன்னு அர்த்தம் இல்ல, யாரும் நெர்வைப் பார்த்து வடிகட்டாம விட்டா அது தானா கரைஞ்சிடும், அவ்வளவுதான். முடியாத விஷயமும் இல்ல, அமெரிக்கால பிரிட்டனிங்கற வேட்டை நாய் இனத்துக்காரங்க இன்னிக்கும் ரெட்டை சாம்பியன் எடுத்துட்டே இருக்காங்க.

இப்ப உங்க பொண்ணுக்கு வர்றேன், எனக்கு இதுதான் முக்கியமா படுது. முன்பல்லால பிடிக்கறா, அழுத்தம் குடுத்தா விடறாங்கறீங்க. இதைக் கேட்டவுடனே எல்லாரும் "நெர்வ் வீக்"னு சொல்லிடுவாங்க. அவசரப்படாதீங்க, இதுக்கு மூணு காரணம் இருக்கலாம். பல் மாத்தற வயசுல யாராவது டக் (நாய் கடிச்சிருக்கற துணியை இழுக்கற விளையாட்டு) விளையாடும்போது வெடுக்குனு இழுத்திருந்தா வலி ஞாபகம் இருக்கும், இல்ல ஆரம்பத்துலயே ஹெல்ப்பர் ஓவரா மிரட்டியிருந்தா பிடிச்சவுடனே ஓடறதுக்கு தயாரா ஒரு காலை வெளிய வெச்சுக்கிட்டுதான் பிடிக்கும். அது ட்ரெயினிங் பிரச்சனை, பரம்பரையா இறங்காது. ரெண்டாவது வலி. ஷெப்பர்டுல இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேர்ற இடம் ரொம்ப சிக்கலான இடம், அங்க எலும்பு அமைப்பு சரியில்லாம பிறக்கற நாய்கள் உண்டு, நரம்பு நெருக்கி வலிக்கும், ஸ்லீவைப் பிடிச்சு பின்னங்கால்ல எம்பித் தள்ளும்போது சுருக்குனு இழுக்கும், உடனே விட்டுடும். ஹிப்புக்கு எடுத்த எக்ஸ்ரே ஃபிலிம் உங்ககிட்ட இருக்கும்ல, அதுலயே கடைசி முதுகெலும்பு தெரியும், அதை ஒரு தடவை திரும்ப எடுத்து உங்க நாய் டாக்டர்கிட்ட அந்த இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்க, தேவைப்பட்டா பக்கவாட்டுல ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. ஹிப் ஏ வந்துட்டா எல்லாரும் அந்த ஃபிலிமை உள்ள வெச்சுடறாங்க, மேல ரெண்டு இஞ்ச் தள்ளி என்ன இருக்குன்னு பார்க்கறதே இல்ல. அங்க அமைப்புக் கோளாறு இருந்தா அது பரம்பரையா போகக்கூடிய விஷயம், மேட்டிங் பேச்சே வேண்டாம்.

இந்த ரெண்டும் இல்லன்னு ஆனா அப்ப நெர்வ் தான். அதை ட்ரெயினிங் கிரவுண்டுல பார்க்காதீங்க, அங்க அவளுக்கு எல்லாம் பழக்கம். இதுவரைக்கும் போகாத ஒரு கட்டடத்துக்கு கூட்டிட்டுப் போங்க, கீழ ஓட்டை ஓட்டையா தெரியற இரும்புப் படி இருந்தா நல்லது. ஏறும்போது நின்னு மோந்து பார்த்துட்டு ஏறறாளா, வயித்தை தரையோட ஒட்டிக்கிட்டு நகர்றாளா, இல்ல நாலு காலையும் ஊணிக்கிட்டு வரவே மாட்டேங்கறாளான்னு பாருங்க. அப்பறம் ஒருத்தரை அவளுக்குத் தெரியாம பத்தடி தள்ளி தகரத்து மேல ஒரு சங்கிலியைப் போடச் சொல்லுங்க. துள்ளி விலகட்டும், அது குறை இல்ல, எந்த நாயும் துள்ளும். அதுக்கப்பறம் என்ன பண்றாங்கறதுதான் விஷயம். சில செகண்ட்ல காதை முன்னாடி நிமித்தி, கழுத்தை நீட்டி, தானா போய் அந்த சங்கிலியை மோந்து பார்த்தான்னா அவ நெர்வ் சரி, புரொட்டக்‌ஷன்ல இருக்கறது வேற பிரச்சனை. போகவே மாட்டேங்கறா, வால் உள்ள போயிடுச்சு, திரும்பி வரும்போதும் அந்த இடத்தைச் சுத்திக்கிட்டு தள்ளி நடக்கறான்னா அதுதான் பதில். ரிங்ல எவ்வளவு எக்ஸலன்ட் வாங்கினாலும் இந்த நாய்க்கு எந்த ஒர்க்கிங் மேலைப் போட்டும் நெர்வை வாங்கித் தர முடியாது. ஸ்போர்ட் லைனோட ஆரம்பம் எப்பவும் பொண்ணுதான், அம்மாவோட குணம் ஜீன்லயும் இறங்குது, முதல் எட்டு வாரம் அவ எதுக்கெல்லாம் பதறுறாங்கறதை குட்டிங்க கூடவே இருந்து பார்த்துட்டு இருக்கு.

அவ பாஸ் ஆயிட்டான்னு வெச்சுப்போம். அப்பவும் அந்த "பயங்கர டிரைவ்" ஆண் நாய் மேல எனக்கு சந்தேகம்தான். ஐஜிபி3ங்கறது மூணு பாகம், ஒவ்வொண்ணுக்கும் 100, ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது 70 வாங்கணும். ஸ்கோர் புக்கை வாங்கிப் பாருங்க, மொத்த மார்க்கைப் பார்க்காதீங்க. டிராக்கிங்ல எவ்வளவுன்னு பாருங்க, ஏன்னா வெறி பிடிச்ச நாய் மூக்கை தரைல வெச்சு நிதானமா ஒரு டிராக்கை முடிக்கறது கஷ்டம், அங்க 95 வாங்குன மேல்னா தலைல அமைதி இருக்குன்னு அர்த்தம். புரொட்டக்‌ஷன்ல மார்க்கோட ஜட்ஜ் தனியா ஒரு மதிப்பீடு எழுதுவார், டிரைவ், தன்னம்பிக்கை, அழுத்தத்தைத் தாங்கற சக்தி மூணையும் சேர்த்து. மார்க்கை விட எனக்கு அது பெருசு. துப்பாக்கி சத்தத்துக்கு எப்படி இருந்தான், பழகாத ஹெல்ப்பர்கிட்ட எப்படிப் பிடிச்சான், வேலை முடிஞ்சு கார்ல ஏத்துனா படுத்துத் தூங்குவானா இல்ல கூண்டுக்குள்ள சுத்திக்கிட்டே இருப்பானான்னு கேளுங்க. இந்தக் கடைசி கேள்விக்கு ஓனர் சிரிச்சு மழுப்பினா புரிஞ்சுக்கோங்க.

உடம்பு விஷயத்துல உங்களுக்கு ரெண்டு உலகமும் ஒத்துப்போற இடம் ஒண்ணு இருக்கு, ஸ்டாண்டர்டு. எஃப்சிஐ (சர்வதேச நாய் கூட்டமைப்பு) ஸ்டாண்டர்டுல ஃபீமேல் 55ல இருந்து 60 செமீ, 22ல இருந்து 32 கிலோ, மேல் 60ல இருந்து 65 செமீ, 30ல இருந்து 40 கிலோ, உடம்பு நீளம் உயரத்தை விட 10ல இருந்து 17 சதவீதம் கூட இருக்கணும், அவ்வளவுதான். அந்த வரம்புக்குள்ள நடுவுல நிக்கற ஒரு மேல், 62 செமீ 34 கிலோ மாதிரி, கோணம் அளவா, முதுகு கெட்டியா. 1 மீட்டர் ஹர்டிலும் 1.80 மீட்டர் சாய்வுப் பலகையும் வாயில டம்பெல்லோட தாண்டி இறங்கும்போது முன்னங்கால் தோள் தாங்கற அமைப்பு அவனுக்குத்தான் இருக்கும், ரிங்ல அவன் நடையும் அசிங்கமா இருக்காது. முடிஞ்சா அவன் ஏடிங்கற தாக்குப்பிடிக்கற டெஸ்ட் ஓடறதை நேர்ல பாருங்க, சைக்கிள் பக்கத்துல 20 கிமீ, மணிக்கு 12ல இருந்து 15 கிமீ வேகம். ஆரம்பத்துல எல்லா நாயும் அழகாதான் ஓடும், கடைசி மூணு கிமீல பின்னாடி நின்னு பாருங்க, பின்னங்கால் மூட்டு உள்ள வெளியன்னு ஆடுதா, முதுகு நடுவுல தொங்குதா, முடிச்சப்பறம் பாதத்தைத் தூக்கிப் பார்த்தா தோல் உரிஞ்சிருக்கா. ரிங்ல நாலு ரவுண்டுல மறைக்கறதை இதுல மறைக்க முடியாது.

ஹிப் மட்டும் சொல்லியிருக்கீங்க, எல்போ கிரேடு எங்க? டீஜெனரேட்டிவ் மைலோபதி ஜீன் டெஸ்ட் ரெண்டு பேருக்கும் எடுத்தாச்சா? அது வயசான காலத்துல பின்னங்கால் செயலிழக்கற வியாதி, மேட்டிங் போடற வயசுல வெளிய ஒண்ணுமே தெரியாது. கேரியர்னு (கெட்ட ஜீன்ல ஒரு பிரதி மட்டும் இருக்குன்னு) வந்தா நாயை ஒதுக்கிடாதீங்க, க்ளியர் வந்த துணையைப் போட்டா குட்டிங்க யாருக்கும் ரெண்டு பிரதி சேராது, கேரியரும் கேரியரும் சேர்ந்தாதான் நாலுல ஒண்ணு ஆபத்து. இதைப் படிக்கற லாப்ரடார்காரங்களுக்கும் ஒரு வார்த்தை, உங்க இனத்துல இஐசின்னு ஒண்ணு, பத்து நிமிஷம் வெறித்தனமா ஓடுனா பின்னங்கால் மடங்கி விழும், 2008லயே ஜீனைக் கண்டுபிடிச்சு டெஸ்டும் வந்தாச்சு. ஷோ வீட்டுல வளர்ற நாய் அந்த அளவு ஓடவே ஓடாது, அதனால சாம்பியன் ஆகி நூறு குட்டிக்கு அப்பாவும் ஆயிடும், ஃபீல்டுக்குப் போற குட்டிதான் விழும்.

குட்டி தேர்ந்தெடுக்கறது பத்தி. 8 வாரத்துல உடம்பு அமைப்பு ஓரளவு படிக்கலாம், விகிதாச்சாரம் அப்பப் பார்த்தது பெருசானதும் கிட்டத்தட்ட திரும்பி வரும்னு அனுபவஸ்தங்க சொல்வாங்க, நானும் ஒத்துக்கறேன். குணத்துக்கு 7 வாரத்துல பண்ற பப்பி டெஸ்ட் மேல ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க, அன்னிக்கு தூக்கக் கலக்கத்துல இருந்த குட்டிக்கு மார்க் குறையும். ரொம்ப பயப்படறது, ரொம்ப மூர்க்கமா இருக்கறது ரெண்டு முனையையும் காட்டிக்குடுக்கும், நடுவுல இருக்கறதை வரிசைப்படுத்தாது. 3 வாரத்துல இருந்து 12, 14 வாரம் வரைக்கும் தினம் புது தரை, புது சத்தம், புது ஆள் காட்டுங்க, யார் எவ்வளவு சீக்கிரம் மீண்டு வர்றாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க, ஒரு நாள் டெஸ்டை விட அந்த நோட்டு நல்லா பேசும். முடிஞ்சா ரெண்டு குட்டியை 6 மாசம் வரைக்கும் தனித்தனியா வளர்த்துட்டு ஒண்ணைக் குடுங்க.

நீங்க வெச்சுக்கற குட்டியை விட குடுக்கற குட்டிங்க முக்கியம்னு சொன்னா ஆச்சரியப்படாதீங்க. 8 குட்டில 1 உங்ககிட்ட, மத்த 7 எங்கயோ சோஃபால தூங்குதுன்னா இந்த மேட்டிங் வேலை செஞ்சுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? குறைஞ்சது மூணு நாலு குட்டியாவது கிரவுண்டுக்கு வர்ற ஆளுங்களுக்குப் போகணும், 12 மாசம் தாண்டினதும் எல்லாக் குட்டிக்கும் ஹிப் எல்போ எக்ஸ்ரே எடுக்கணும்னு எழுதி வாங்கிக்கோங்க, செலவுல பாதி நீங்க ஏத்துக்கோங்க, அப்பதான் எடுப்பாங்க. ஐஜிபி1 போடறதுக்கே குறைஞ்சது 18 மாசம் ஆகணும், ஆக இந்த லிட்டர் எப்படின்னு பதில் கைக்கு வர ரெண்டு வருஷம். அதுவரைக்கும் அதே மேட்டிங்கை ரிபீட் பண்ணாதீங்க, குட்டி அழகா இருக்கேன்னு கேட்டு பத்து பேர் வருவாங்க, பண்ணாதீங்க.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணக்கு ஞாபகம் இருக்கட்டும். ஒண்ணோடொண்ணு சம்பந்தமில்லாத நாலு குணத்தை ஒரே நேரத்துல தேர்ந்தெடுத்தா ஒவ்வொண்ணுலயும் முன்னேற்றம் கிட்டத்தட்ட பாதியாயிடும், அதனால ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு வைக்கறவங்க ரெண்டுலயும் முதல் இடத்தை எதிர்பார்க்கக் கூடாது. நெர்வ், ஹெல்த் ரெண்டுக்கும் கோடு போடுங்க, அதுக்குக் கீழ எவ்வளவு அழகா இருந்தாலும் பிரீடிங் கிடையாது. ரிங்ல எக்ஸலன்ட் கிடைச்சா போதும், வரிசைல எத்தனையாவதுன்னு கவலைப்படாதீங்க. ஃபீல்டுல 80க்கு மேல மூணு பாகத்துலயும் வந்தா போதும். இதுக்குள்ள வர்றதுல எது உங்களுக்குப் பிடிக்குதோ அதை வெச்சுக்கோங்க.

ரிங்கும் கிரவுண்டும் ஒரே நாய்க்குப் பழக்கறது பெரிய விஷயமே இல்ல, வேற காலர், வேற கட்டளை, நாய் ஒரு வாரத்துல புரிஞ்சுக்கும், நாமதான் குழப்பிக்கறோம்.

அடுத்த ஹீட்டை விட்டுடுங்க. அதுக்குள்ள முதுகு எக்ஸ்ரே, எல்போ, ஜீன் டெஸ்ட் முடிச்சுடலாம், ஐஜிபி1ம் போட்டுப் பார்க்கலாம், அதுக்கடுத்த ஹீட் வரும்போது அவளுக்கு 4 வயசு பக்கம் இருக்கும், முதல் பிரசவத்துக்கு அது லேட் இல்ல. நடுவுல 5, 6 வயசான, குட்டிங்க வெவ்வேற மூணு பொண்ணுங்ககிட்ட இருந்து ஏற்கனவே வளர்ந்து கிரவுண்டுல நிக்கற ஒரு மேலைத் தேடுங்க, சாம்பியன் பட்டம் இல்லாட்டி பரவால்ல. அவ ஸ்லீவ் பிடிக்கறதை பழகாத ஹெல்ப்பர் வெச்சு பக்கவாட்டுல இருந்து வீடியோ எடுத்து எக்ஸ்ரேவோட அனுப்புங்க, பிடிக்கறதுக்கு முன்னாடி அஞ்சு செகண்டும் விட்டப்பறம் அஞ்சு செகண்டும் கட் பண்ணாம இருக்கணும்.